தண்ணீர் வருவதற்கு முன்: காட்ஸ்வோல்டில் சரளைக் குழிகள் ஏரிகளான கதை

“அப்பா, ஸ்லைடு எங்கப்பா?”

காரை நிறுத்தி இறங்கியதும் மகன் கேட்ட முதல் கேள்வி இது. தப்பு அவன் மேல் இல்லை. வழியெல்லாம் பலகைகளில் ‘வாட்டர் பார்க்’ என்றுதான் போட்டிருந்தது, நானும் வீட்டில் அப்படித்தான் சொல்லிக் கூட்டி வந்திருந்தேன். வாட்டர் பார்க் என்றால் நமக்கெல்லாம் சறுக்குக் குழாயும் செயற்கை அலையும்தானே. எதிரே இருந்ததோ தட்டையான நிலம், நாலு வில்லோ மரம், ஒரு ஏரி, அதற்குப் பின்னால் இன்னொரு ஏரி, அதற்கும் பின்னால் இன்னொன்று. அன்றைக்கு அவனைச் சமாதானப்படுத்த ஐஸ்கிரீம் தேவைப்பட்டது. எனக்கு அந்த இடம் மண்டைக்குள் ஏறிக்கொண்டது. கட்டுமான வேலையில் இருப்பவன் நான். காங்கிரீட்டுக்குச் சரளை ஆர்டர் போடுகிற கைக்கு, அந்தச் சரளை வந்த குழி அப்புறம் என்ன ஆகிறது என்று அதுவரை தெரியாது.

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் வாட்டர் பார்க் பற்றியது இந்தக் கட்டுரை. சைரன்செஸ்டருக்கும் ஸ்விண்டனுக்கும் நடுவே, தேம்ஸ் நதி பிறந்து கொஞ்ச தூரமே வந்திருக்கிற இடம். சோமர்ஃபோர்ட் கெய்ன்ஸ் பக்கம் லண்டனின் அந்தப் பெரிய தேம்ஸை ஒரு வாய்க்கால் அளவில் பார்க்கலாம். சுமார் 40 சதுர மைல் பரப்பில் கிட்டத்தட்ட 180 ஏரிகள். சௌத் செர்னி, ஆஷ்டன் கெய்ன்ஸ் பக்கம் ஒரு கூட்டம், கிழக்கே ஃபேர்ஃபோர்ட், லெக்லேட் பக்கம் இன்னொரு கூட்டம். குளோஸ்டர்ஷையர், வில்ட்ஷையர் என்று இரண்டு கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெரும்பகுதி, ஒரு துண்டு ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில். இத்தனையில் ஒன்றுகூட இயற்கை ஏரி இல்லை. எல்லாம் மனிதன் தோண்டிய குழி. பலவற்றுக்கு வெறும் எண்தான் பெயர், ‘ஏரி 32’ என்றால் உள்ளூர்க்காரர்களுக்கு உடனே புரியும். அப்புறம் ஒன்று: காட்ஸ்வோல்ட் என்றதும் தேன் நிறக் கல் வீடும் மேடு பள்ளமான புல்வெளியும் நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அந்த அழகெல்லாம் வடக்கே மலைப்பக்கம் இருக்கிறது. இது மலையிலிருந்து வந்த கழிவு தங்கிய பள்ளத்தாக்கு.

கழிவு என்று சும்மா சொல்லவில்லை. பனியுகத்தின் குளிர்க் காலங்களில் காட்ஸ்வோல்ட் மலையின் சுண்ணாம்புக்கல் உறைபனியில் வெடித்து நொறுங்கி, உருகிய நீரில் அடித்து வரப்பட்டு, இந்தச் சமவெளியில் சில மீட்டர் கனத்துக்குப் பரப்பிவிடப்பட்டது. அதுதான் சரளை. அதற்குக் கீழே கனத்த களிமண். சரளை பஞ்சு மாதிரி தண்ணீரை வைத்துக்கொள்ளும், களிமண் அதைக் கீழே விடாது. ஆகவே நிலத்தடி நீர் தரைக்கு வெகு அருகில் நிற்கிறது. கிணறு வெட்டினால் ஊற்று வருமா வராதா என்பது நம்மூர்க் கவலை. இங்கே எதை வெட்டினாலும் கிணறாகிவிடுகிறதே என்பது கவலை.

நம்மூர்க் கல்குவாரியோடு இதைச் சேர்க்கக் கூடாது. அது பாறை, வெடி வைத்து உடைப்பது, நூறடி இருநூறடி ஆழம் போவது. இங்கே வெடியே கிடையாது. மேல்மண்ணை வழித்து ஓரமாக வரப்பு மாதிரி குவிப்பார்கள். பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே பொக்லைனால் களிமண் தெரியும்வரை சரளையை அள்ளுவார்கள். அள்ளியதைக் கழுவிச் சலித்து அளவு பிரிப்பார்கள். கழுவின சேற்றுத் தண்ணீரை ஏற்கெனவே தோண்டி முடித்த ஒரு குழியில் விடுவார்கள். சரளை தீர்ந்ததும் பம்பை நிறுத்துவார்கள். அவ்வளவுதான். யாரும் ஏரி கட்டுவதில்லை, யாரும் நிரப்புவதும் இல்லை. பம்ப் நின்றால் நிலத்தடி நீர் தன் பழைய மட்டத்துக்குத் திரும்பி வருகிறது, குழி தானாக ஏரியாகிறது.

இந்த ‘தானாக’ என்கிற வார்த்தைதான் இந்த இடத்தின் முக்கால்வாசி நன்மைக்கும் முக்கால்வாசித் தொல்லைக்கும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் நீர்மட்டம் தானாக வரும், மழைக்காலத்தில் ஏறும், கோடையில் இறங்கும், அதில் நம் கை எதுவும் இல்லை. ஆனால் கரையின் சரிவு தானாக வராது. அதை யாராவது குழி காய்ந்து கிடக்கும்போதே செய்தாக வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் அப்புறம் பட்ஜெட்டில் அடங்காது.

கரைக் கணக்கு

சரளை எடுக்கிறவருக்குச் செங்குத்தான கரைதான் லாபம். காகிதத்தில் நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழி 4 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஒன்று சரிவில் (ஒரு மீட்டர் இறங்க ஒரு மீட்டர் தூரம்) கரையை விட்டால், ஒரு மீட்டர் நீளக் கரையில் 8 கன மீட்டர் சரளை எடுக்காமல் நிற்கும். வாத்து நடந்து இறங்குகிற மாதிரி, குழந்தை கால் நனைக்கிற மாதிரி ஒன்றுக்குப் பத்து சரிவில் விட்டால் 80 கன மீட்டர். வித்தியாசம் 72 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 130 டன். நூறு மீட்டர் கரைக்கு 13,000 டன். இருபது டன் லாரியில் 650 நடை. தன் நிலத்தில் கிடக்கிற 650 லாரிச் சரளையை ‘வாத்துக்காக’ என்று யார் விட்டுவைப்பார்கள்?

அதனால் நடைமுறையில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். முழுக்கத் தோண்டிவிட்டு, மேலே வழித்து வைத்த மண்ணையும் அடிக்களிமண்ணையும் புல்டோசரால் திரும்பத் தள்ளிச் சரிவு அமைப்பது. குழி காய்ந்திருந்தால் இது சாதாரண வேலை, ஒரு டோசரும் ஒரு நல்ல டிரைவரும் போதும். தண்ணீர் நிறைந்த பிறகு செய்யப்போனால், கொட்டுகிற மண் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் கரைந்து பரவும், எங்கே நின்றது என்றே தெரியாது.

ஆனால் இங்கே குழிகள் தோண்டத் தொடங்கியது 1920களில். அப்போது நிபந்தனை போட ஆளே இல்லை. 1947இன் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம் வந்த பிறகுதான் தோண்டுவதற்கு அனுமதியும் நிபந்தனையும் என்கிற பேச்சு. போருக்குப் பிந்தைய வீடுகள், அப்புறம் மோட்டார்வேக்கள் (எம்4 இந்த வட்டாரத்துக்குத் தெற்கே 1971இல் திறந்தது) என்று தேவை ஏறிக்கொண்டே போனது, குழிகளும் பெருகின. பயிர் நிலத்தை மீட்க வேண்டுமானால் குழியை நிரப்ப ஏதாவது வேண்டும். லண்டனைச் சுற்றியுள்ள குழிகளுக்கு நகரத்துக் குப்பையும் கட்டட இடிபாடும் கிடைத்தன. இந்தக் கிராமப்புறத்தில் அந்த அளவுக்கு எங்கே போவது? 1960களின் பிற்பகுதியில்தான் கவுண்டி கவுன்சில்கள் ஒன்று கூடி, சரி, ஏரிகள் வந்தாகிவிட்டது, இதைப் பொழுதுபோக்கு இடமாக ஆக்குவோம் என்று முடிவு செய்து ‘வாட்டர் பார்க்’ என்கிற பெயரை ஒட்டினார்கள். குழி முதலில், திட்டம் பிறகு. தோண்டி முடித்த பின் அந்த நிலத்தை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும் என்கிற நிபந்தனைக்குச் சட்ட அதிகாரம் கிடைத்தது 1981இல்தான். அதற்குள் எத்தனையோ பம்புகள் நின்று எத்தனையோ கரைகள் தண்ணீருக்குள் போய்விட்டிருந்தன.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு இதே தேம்ஸில் கீழே போனால் டோர்னி ஏரி இருக்கிறது. ஈட்டன் கல்லூரியுடையது. படகோட்டப் பந்தயத்துக்கு 2,200 மீட்டர் நீளம், எட்டுத் தடம், குறைந்தது 3.5 மீட்டர் ஆழம் என்று முதலிலேயே வரைந்துவிட்டு, அந்த வரைபடத்தின்படி சரளை எடுத்தார்கள். பத்து வருடம் ஆனது, 2006இல் முடிந்தது, 2012 ஒலிம்பிக் படகோட்டம் அங்கேதான் நடந்தது. அது ஒரு ஏரி, ஒரு உரிமையாளர், ஒரே ஒரு பயன். காட்ஸ்வோல்டில் நூற்றெண்பது ஏரி, அதற்கேற்ற எண்ணிக்கையில் உரிமையாளர்கள். இரண்டையும் ஒப்பிடுவது கொஞ்சம் அநியாயம்தான், ஆனால் எப்போது வரைந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது அடி

ஒரு மே மாதச் சனிக்கிழமை, இங்கிலாந்துக்கு நல்ல வெயில். அனுமதியுள்ள கடற்கரை மாதிரியான இடத்தில் (மணல் கொட்டிச் சரிவு அமைத்த கரை அது, உயிர்காப்பு ஏற்பாடெல்லாம் உண்டு) கூட்டம் தாங்காமல் நடந்து, பக்கத்திலிருந்த வேறொரு ஏரியின் ஓரத்துக்கு வந்துவிட்டோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கீழே கிடந்த சரளைக்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. கையில் நடைக்கம்பு இருந்தது. ஓரத்தில் ஊன்றினேன், கணுக்கால் அளவு. ஓரடி தள்ளி ஊன்றினேன், முழங்கால். மூன்றாவது முறை எட்டி ஊன்றியபோது கம்பு முழுக்க உள்ளே போய், என் முழங்கையும் உள்ளே போய், தரையே தட்டுப்படவில்லை. கை வெளியே வந்தபோது விரல்கள் மரத்திருந்தன.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று சரிவு. இன்னொன்று குளிர். காற்று 25 டிகிரி இருக்கும் நாளிலும் மே மாதத்து ஏரி குளிர்காலத்தை இன்னும் மறந்திருக்காது. 15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் சட்டென்று விழுந்தால் உடல் தன்னிச்சையாக ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த மூச்சு தண்ணீருக்குள் இருக்கும்போது வந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் ஒன்றும் செய்ய நேரமிருக்காது. இதனால்தான் இங்கே உயிர்காப்பு அமைப்புகள் ‘முதலில் நீந்தாதே, மல்லாந்து மிதந்துகொள், மூச்சு சீரான பிறகு பார்’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தெளிந்த தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும் என்பது இதற்கு மேல் ஒரு கொடுமை. பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள் பலகையைப் படியுங்கள், படித்ததை நம்புங்கள்.

இதைவிட மோசம், கழுவின சேறு விட்ட குழிகள். மேலே பச்சைப் பசேல் என்று நாணலும் வில்லோவும் முளைத்து, பார்க்கத் திடமான தரை போலவே இருக்கும். கால் வைத்தால் புதைசேறு. வேடிக்கை என்னவென்றால் பறவைகளுக்கு மிகப் பிடித்த இடங்களில் இவையும் சேர்த்தி. ஆள் போக முடியாத இடம் அதற்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

தண்ணீர் ஏன் இவ்வளவு தெளிவு

சரளை சுண்ணாம்புக்கல் என்பதால் ஏரி நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது தண்ணீரிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். பாஸ்பரஸ் இல்லையென்றால் பச்சைப் பாசி பெருகாது, பாசி இல்லையென்றால் வெளிச்சம் அடிவரை போகும், வெளிச்சம் போனால் காரா என்னும் நீர்ப்பாசி அடியில் புல்வெளி மாதிரி வளரும். கரை ஒதுங்கியிருந்த ஒரு கொத்தை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். உடம்பெல்லாம் சுண்ணாம்பு ஒட்டி உப்புத்தாள் மாதிரி சொரசொர என்றிருக்கும், கசக்கினால் பூண்டு அழுகின வாடை. இப்படியான சுண்ணாம்பு ஏரிகளின் தொகுதியில் பிரிட்டனிலேயே பெரியது இதுதான். கெண்டை மீனை அளவுக்கு மீறி விட்டால் அது அடியைக் கிளறிச் சேற்றைக் கலக்கி இந்தப் பாசியை ஒழித்துவிடும். தூண்டில்காரர்களுக்கும் தாவர ஆர்வலர்களுக்கும் உள்ள மனத்தாங்கலின் வேர் அங்கே இருக்கிறது. யாருடைய ஏரி என்பதைப் பொறுத்து ஜெயிப்பவர் மாறுவார்.

குளிர்காலத்தில் வாத்துகள் வந்து இறங்கும். கருவால் வாத்து, தட்டைவாயன் இரண்டும் நம்மூர் ஏரிகளுக்கும் வலசை வருபவைதான், இங்கே பார்த்தபோது பழைய பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். 1994இல் சில ஏரிகள் மட்டும் சிறப்பு அறிவியல் முக்கியத்துவமுள்ள இடமாக அறிவிக்கப்பட்டிருந்தன. 2021 ஜனவரியில் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து அந்த எல்லையைப் பெரிதாக விரித்து பெரும்பாலான ஏரிகளையும் உள்ளே கொண்டுவந்தது. முக்கால் நூற்றாண்டு முன்பு பாதி இடம் வயல். குழி தோண்டியதால் வந்த பறவைக்காக இன்று சட்டப் பாதுகாப்பு.

இதில் எனக்குப் பிடித்தது பட்டாணி உப்புக்கொத்தியின் கதை. நம்மூர் ஏரிக்கரைகளில் குடுகுடுவென்று ஓடுமே, அந்தச் சின்னப் பறவைதான். பிரிட்டனில் இது முதன்முதலாகக் கூடு கட்டியது 1938இல், ஹெர்ட்ஃபோர்ட்ஷையரின் ட்ரிங் நீர்த்தேக்கத்தில். அதற்கு வேண்டியது வெறும் கல் தரை, பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர். சரளைக் குழிகள் பரவப் பரவ அதுவும் நாடு முழுக்கப் பரவியது. ஆனால் அதற்கு வேண்டியது வேலை நடக்கிற, மொட்டையான குழி. புல் மூடி, மரம் வளர்ந்து, பெஞ்சு போட்டு ‘மீட்டெடுக்கப்பட்ட’ குழியில் அது இருக்காது. செங்குத்துக் கரையில் துளை போட்டுக் கூடு வைக்கும் ஆற்றங்கரைத் தகைவிலானும் அப்படித்தான். அதாவது மேலே நான் திட்டிய அதே செங்குத்துக் கரை ஒருவருக்கு வீடு. என்ன செய்வது, இப்படித்தான் இருக்கிறது உலகம்.

விமானமும் மம்மூத்தும்

நல்ல சரிவு, ஆழமில்லாத ஓரம், நிறைய வாத்து என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகும் ஒரு தடை உண்டு. பக்கத்திலேயே ஃபேர்ஃபோர்ட் விமானத் தளம். மூன்று கிலோமீட்டர் ஓடுபாதை, அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பயன்படுத்தும் தளம், ஜூலையில் உலகப் புகழ்பெற்ற விமானக் கண்காட்சி. கான்கார்ட் விமானத்தின் பிரிட்டிஷ் முன்மாதிரி 1969இல் தன் முதல் பறப்பில் வந்து இறங்கியதும் இங்கேதான். ஓடுபாதையிலிருந்து 13 கிலோமீட்டருக்குள் புதிதாக நீர்நிலை வருகிறது என்றால் பறவை மோதும் அபாயத்தைப் பார்த்தாக வேண்டும். அகலத் திறந்த தண்ணீர் அன்னத்தையும் கூஸ் வாத்தையும் இழுக்கும். அடர்ந்த நாணல் அவ்வளவு இழுக்காது. ஆகவே புதிய குழிகளில் பெரிய ஏரிக்குப் பதிலாக நாணற்காடு, ஈர மரத்தோப்பு, சின்னச் சின்னக் குட்டைகள் என்று யோசிக்கிறார்கள். சூழலியலாளர் பத்து வருடம் கேட்டதை விமானப் பாதுகாப்பு ஒரே கடிதத்தில் வாங்கித் தந்துவிடும் போல.

பம்ப் நிற்பதற்குள் செய்ய வேண்டியவற்றில் கரை மட்டும் அடக்கமில்லை. லெக்லேட் பக்கம் கிளேடன் பைக்கில் 1979 முதல் 1983 வரை, சரளை எடுப்பதற்கு முன்னால் தொல்லியலாளர்கள் தோண்டி இரும்புக்காலக் குடியிருப்பையும் ரோமானியக் குடியிருப்பையும் கண்டெடுத்தார்கள். 2017இல் ஸ்விண்டன் அருகே ஒரு சரளைக் குழியில் புதைபடிவம் தேடும் ஆர்வலர் தம்பதி மம்மூத் (பனியுகத்து யானையினம்) எலும்புகளைக் கண்டார்கள். அப்புறம் முறையான அகழாய்வு நடந்து, ஐந்து மம்மூத்துகளின் எச்சமும் நியாண்டர்தால் மனிதன் செய்த கைக்கோடரியும் கிடைத்தன, வயது ஏறக்குறைய 2,20,000 ஆண்டு. சரளைக்கு அடியில் கிடந்தவை. சரளை எடுக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது. பம்பை நிறுத்தியிருந்தால் கிடைத்திருக்கவே கிடைக்காது. 2002இல் வந்த சரளை வரி, டன்னுக்கு முதலில் 1.60 பவுண்டு, அதிலிருந்து ஒரு பங்கு 2011 வரை இந்த மாதிரி தொல்லியல், சூழல் வேலைகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு அந்த நிதியை மூடிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது மோசமான முடிவு.

யாருக்கு ஏரி

படகு, பாய்மரம், ஸ்கீயிங், தூண்டில் என்று பெரும்பாலான ஏரிகள் ஏதாவது ஒரு கிளப்பின் வேலிக்குள் இருக்கின்றன. பொதுமக்களுக்கென்று காட்ஸ்வோல்ட் கன்ட்ரி பார்க் மாதிரி சில இடங்கள், அப்புறம் குறுக்கே போகும் தேம்ஸ் நடைபாதை. கண்ணாடி வைத்த விடுமுறை வீடுகள் தண்ணீர் ஓரம் வரிசையாக வந்துவிட்டன. லோயர் மில் எஸ்டேட் என்னும் அப்படியொரு குடியிருப்பில் 2005இல் ஆறு பீவர்களை, அதாவது ஆற்றில் அணை கட்டும் கொறிவிலங்குகளை, வேலிக்குள் விட்டார்கள். பிரிட்டனில் நூற்றாண்டுகளுக்கு முன் அழிந்துபோன விலங்கு. வீடு விற்பதற்கு பீவர் உதவியதா, பீவருக்கு வீடு உதவியதா என்று சண்டை போடலாம். எனக்குக் குறை சொல்லத் தோன்றுவது வேறு: நடைபாதையில் போகிற ஆளுக்கு மைல் கணக்கில் ஏரியின் சத்தம் கேட்கும், வேலி வழியாக மினுக்கம் தெரியும், ஓரத்தில் நின்று பார்க்க இடம் கிடைக்காது.

போன ஏப்ரலில் மகனோடு திரும்பப் போயிருந்தேன். பாதையிலிருந்து வேலை நடக்கிற ஒரு குழி தெரிந்தது. அடியில் சாம்பல் நீலக் களிமண், மூலையில் தடித்த குழாய் ஒன்று தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மஞ்சள் டோசர் மண்ணைத் தள்ளித் தள்ளிச் சரிவு போட்டுக்கொண்டிருந்தது, நாலு தள்ளு தள்ளும், பின்னால் வரும், டிரைவர் எட்டிப் பார்ப்பார், திரும்பவும் தள்ளும். எதிர்ப்பக்கக் கரையை மட்டும் அப்படியே செங்குத்தாக விட்டிருந்தார்கள். அதில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். தகைவிலான் வந்துவிட்டதா என்று கால் மணி நேரம் நின்று பார்த்தோம். அன்றைக்கு வரவில்லை.